சனிக்கிழமை நின்ற செக்கு

சி.எஸ்.எம்.டி.க்கு அடுத்த ஸ்டேஷன் மஸ்ஜித். மசாலா, உலர்பழ வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்கள் தினமும் இறங்கி ஏறும் இடம். முஸ்லிம் பள்ளிவாசலால் வந்த பெயர் என்றே பலரும் எண்ணுகிறோம். பக்கத்தில் சாமுவேல் தெருவில் ஒரு யூத ஜெபாலயம் இருக்கிறது. 1796-இல் நிறுவப்பட்டது. அக்கம்பக்கத்தார் அதை 'ஜூனி மஸ்ஜித்', பழைய பள்ளி, என்று அழைத்தார்கள். அதுவே ஸ்டேஷனுக்கும் பெயராயிற்று என்பர். அதன் எபிரேயப் பெயருக்கு 'இரக்கத்தின் வாசல்' என்று பொருள். கட்டியவர் சாமுவேல் எசக்கியேல் திவேகர். கம்பெனிப் படை அதிகாரி. திப்பு சுல்தானிடம் போர்க்கைதியாகி உயிரோடு மீண்டதற்கு நேர்த்திக்கடனாகக் கட்டினார் என்பது அவர்கள் மரபு.

அந்த மக்களுக்குப் 'பெனே இஸ்ரேல்' என்று பெயர். இஸ்ரவேலின் பிள்ளைகள். கொங்கணக் கரையில் நவ்காவ் அருகே கப்பல் உடைந்து, ஏழு ஆணும் ஏழு பெண்ணும் மட்டும் பிழைத்துக் கரையேறினார்கள் என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். அவர்கள் கொண்டுவந்த நூல்கள் கடலோடு போயின. காலப்போக்கில் எபிரேயமும் மறந்தது. மராத்தி பேசினார்கள், செக்காட்டி எண்ணெய் விற்றார்கள், ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஆனால் சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி'. (சிவனுக்காகத் திங்கட்கிழமை செக்கை நிறுத்தியவர்கள் 'சோம்வார் தேலி'.)

இந்தச் செக்கு விஷயத்தைப் படித்தபோதுதான் விவிலியத்தின் 'உடன்படிக்கை' என்ற சொல் எனக்கு விளங்க ஆரம்பித்தது. எபிரேயத்தில் 'பெரீத்'. அதோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் 'ஹெசெத்'. தமிழ் விவிலியத்தில் அதைக் கிருபை என்று பெயர்த்திருக்கிறார்கள். வெறும் இரக்கம் என்று கொள்ளக் கூடாது. கொடுத்த வார்த்தையை விட்டு விலகாத அன்பு என்றால் கொஞ்சம் கிட்ட வரும்.

வியாபாரிக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். ஒப்பந்தம் போட்டு அன்பு வருமா? பழைய அரசர்கள் அப்படித்தான் கேட்டார்கள். கி.மு. 672-இல் அசீரிய மன்னன் எசர்ஹாதோன், சிற்றரசர்களைக் கூட்டித் தன் மகனிடம் அன்பாக இருப்போம் என்று சத்தியம் வாங்கினான். தவறினால் விழும் சாபங்களின் பட்டியல் நீளமானது. அந்தக் களிமண் பலகைகள் 1955-இல் ஈராக்கில் நிம்ரூத் என்ற இடத்தில் கிடைத்தன. உபாகம நூலின் நடைக்கும் இவற்றுக்கும் உள்ள ஒற்றுமையை அறிஞர்கள் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒற்றுமை இருக்கட்டும். வேற்றுமை எங்கே?

ஓசியா தீர்க்கதரிசியிடம் இருக்கிறது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டுக்காரர். கடவுளைச் சக்கரவர்த்தியாகப் பார்க்காமல், மனைவி விட்டுப் போன கணவனாகப் பார்த்தார். கணவன் அவளை இழுத்து வரவில்லை. மறுபடி நயமாகப் பேசி மனதைப் பிடிக்கப் பார்க்கிறான். அவளை மீட்க ஓசியா கொடுத்த விலையைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள்: 15 சேக்கல் வெள்ளி, அதோடு கொஞ்சம் வாற்கோதுமை. முழுத்தொகைக்கு ரொக்கம் போதாமல் தானியத்தையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும். கடைக்காரன் கண்ணுக்கு அப்படித்தான் படும்!

யூத அறிஞர்களே இதில் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறார்கள். சீனாய் மலையடியில் மக்கள் நின்றபோது, கடவுள் மலையையே பெயர்த்து அவர்கள் தலைமேல் கவிழ்த்துப் பிடித்து, ஏற்றுக்கொண்டால் பிழைப்பீர்கள் என்றாராம். தல்மூத் நூலில் வரும் கதை. உடனே அங்கேயே ஓர் அறிஞர் ஆட்சேபம் சொல்கிறார்: அப்படியானால் இந்த உடன்படிக்கை செல்லாது என்று வாதாட இடம் இருக்கிறதே! நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. மிரட்டி வாங்கிய சம்மதத்தை, மிரட்டப்பட்டவர் ரத்து செய்துகொள்ளலாம். இதற்கு ராவா என்ற அறிஞர் சொன்ன பதில்: வாஸ்தவம்தான், ஆனால் பாரசீக மன்னன் அகாஸ்வேரு காலத்தில் அவர்கள் அதை மறுபடி தாமாகவே ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்தைச் சொல்லும் எஸ்தர் நூலின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. மலையும் இல்லை, இடியும் இல்லை, அவர் பேசவும் இல்லை. அப்போது சொன்ன சம்மதம்தான் செல்லும் சம்மதம்.

கொங்கணத்துச் செக்காட்டிகளை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கேட்க ராஜா இல்லை, கண்டிக்க ரப்பி இல்லை, எடுத்துப் படிக்க ஏடும் இல்லை. சனிக்கிழமை செக்கை ஓட்டியிருந்தால் ஒருநாள் வருமானம் கூடியிருக்கும். ஓட்டவில்லை. பிற்பாடு தாவீது ரஹாபி என்ற யூதர் வந்து, இவர்கள் நம்மவர்தானா என்று சோதிக்கப் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் செதிலும் துடுப்பும் இல்லாத மீனை ஒதுக்கி வைத்தார்கள். அவருக்கு அது போதுமாயிருந்தது.

எல்லோருக்கும் போதவில்லை. 1948-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 1962-இல் தலைமை ரப்பிகள், பெனே இஸ்ரேல் வீட்டுக் கல்யாணம் என்றால் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கி விசாரியுங்கள் என்று உத்தரவிட்டார்கள். 1964-இல் ஜெருசலேமில் பெரிய போராட்டம். நாடாளுமன்றம் தலையிட்டது. அந்த ஆண்டே உத்தரவிலிருந்து அவர்கள் பெயர் நீக்கப்பட்டது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சமணர்கள் நாங்கள். நயினார் என்பார்கள். இந்த மார்க்கெட்டில் நாற்பது வருஷமாக, 'நீங்கள் மதராசியா, ஜைனரா?' என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டும்தான் என்றால் நம்புவதில்லை. பொழுது சாய்வதற்குள் டிபன் பாக்ஸைத் திறப்பதைப் பார்த்த பிறகுதான் சிலர் பேச்சை மாற்றுவார்கள்.

சமணத்தில் உடன்படிக்கை செய்யும் கடவுள் இல்லை. விரதம் நானாக எடுப்பது, வினையும் என்னுடையதே. எதிர்த்தரப்பு என்று யாரும் கிடையாது. அவர்களுக்கோ எதிர்த்தரப்பு முதலில் கை நீட்டிவிட்டது. அந்தக் கையைப் பற்றுவதும் விடுவதும் மட்டும் மனிதன் பொறுப்பு. இந்தப் பேதத்தை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைச் செக்கும் என் டிபன் பாக்ஸும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

இன்று இந்தியாவில் அவர்கள் சில ஆயிரம் பேரே. நேர்ச்சை நிறைவேறினால் 'மலீதா' படைப்பார்கள். அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, பழங்கள். எலியா தீர்க்கதரிசியின் பெயரால் செய்வது. விருத்தசேதனம் நடக்கும் வீடெல்லாம் உடன்படிக்கைக்குச் சாட்சியாக எலியா வருவார் என்று யூதர்கள் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பது வழக்கம். ஆனால் அவல் படைப்பது கொங்கணத்தில் சேர்ந்தது. இஸ்ரேலுக்குப் போன குடும்பங்கள் அங்கேயும் அவல்தான் படைக்கின்றன.