சுவர், வயர், கொசு... மழை சீசனில் திருப்பரங்குன்றம் மக்களே உஷார்! கவுன்சிலரிடம் எதை கேட்கலாம்?

திருப்பரங்குன்றம்,

ஐப்பசி பிறந்து விட்டால் திருப்பரங்குன்றத்தில் பேச்சே மாறி விடும். "இந்த வருஷமாவது தென்கால் கண்மாய் நிறையுமா?" என்று டீக்கடையில் பெரியவர்கள் கேட்பார்கள். "நம்ம தெருவுல தண்ணி நிக்காம இருக்குமா?" என்று குழாயடியில் பெண்கள் கேட்பார்கள். பேசுவது ஒரே மழையை பற்றித்தான். கண்மாய்க்கு போக வேண்டிய தண்ணீர் வழி தவறி வீட்டுக்குள் வருவதுதான் இங்கே பிரச்சினை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு பருவமழை. அது ஓய்ந்ததும் மார்கழி, தை பனி. மதுரைக்காரர்களுக்கு குளிர்காலம் என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த நாலைந்து மாதத்தில் மதுரை சுற்று வட்டாரத்தில் உயிரை எடுப்பது பெரும்பாலும் ஈரத்தில் ஊறிய சுவர், அறுந்து கிடக்கும் கரண்ட் வயர், மொட்டை மாடி டயரில் வளர்ந்த கொசு ஆகிய மூன்றும்தான். மூன்றையும் மழைக்கு முன்பே கண்ணால் பார்க்க முடியும். யாரிடம் போய் சொல்வது என்று தெரியாமல் விட்டு விடுவதுதான் வினையாகி விடுகிறது.

லாரி தண்ணீர்

2024-ம் ஆண்டு அக்டோபர் 25-ந்தேதி மதுரை நகரில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 10 செ.மீ. மழை பதிவானது. செல்லூர், ஆலங்குளம், முல்லை நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகுதான் செல்லூர் கண்மாயில் இருந்து வைகை ஆற்றுக்கு சிமெண்டு கால்வாய் கட்ட ரூ.11 கோடியே 90 லட்சம் ஒதுக்கப்பட்டது.

10 செ.மீ. என்று கேட்டால் பெரிதாக தெரியாது. கணக்கு போட்டு பார்த்தால் தலை சுற்றும். 3 சென்ட் இடத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதாவது ஒரு வீட்டு மனைக்கு ஒரு தண்ணி லாரி. 50 வீடு உள்ள தெருவில் 50 லாரி தண்ணீரை ஒரே நேரத்தில் திறந்து விட்ட மாதிரி. சாக்கடையில் பிளாஸ்டிக் பையும் இளநீர் மட்டையும் அடைத்துக்கொண்டிருந்தால் அந்த தண்ணீர் எங்கே போகும்?

திருப்பரங்குன்றத்தில் கூடுதலாக மலை வேறு இருக்கிறது. பாறையில் விழும் மழை மண்ணில் இறங்காது. பெய்த வேகத்தில் அடிவாரத்துக்கு வந்து விடும். அது போய் சேர வேண்டிய இடங்கள்தான் தென்கால் கண்மாய், பானாங்குளம், நிலையூர் பெரிய கண்மாய் போன்றவை. வைகை தண்ணீரை கொண்டு வரும் நிலையூர் கால்வாயும் இந்த பக்கம்தான் வருகிறது. கண்மாய்க்கு போகும் ஓடை எது, மறுகால் பாயும் பாதை எது என்பது பழைய ஆட்களுக்கு அத்துப்படி. புதிதாக மனை வாங்கி வீடு கட்டி வருபவர்களுக்கு தெரியாது. வாங்கும் முன் பக்கத்து தெரு பெரியவர் ஒருவரிடம் கேட்டு விடுவது புத்திசாலித்தனம்.

3 உயிர் போனது

2025-ம் ஆண்டு மே மாதம். பருவமழை கூட இல்லை, கோடை மழைதான். மதுரை அருகே வலையங்குளத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் மீது சுவர் இடிந்து விழுந்தது. 2 பெண்களும், 10 வயது சிறுவனும் பரிதாபமாக இறந்தனர். ஊரே அழுதது.

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி அதிகாலையில் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் நடந்தது இதை விட கொடூரம். அடைமழையில் ஊறிய 20 அடி உயர காம்பவுண்டு சுவர் பக்கத்தில் இருந்த வீடுகள் மீது சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் பலியானார்கள். அது அவர்கள் வீட்டு சுவர் கூட இல்லை. அடுத்தவர் கட்டிய சுவர்.

நாட்டு செங்கல்லை மண் வைத்து கட்டிய பழைய சுவர் மழையில் தண்ணீரை குடித்து கனம் ஏறும். அதே நேரத்தில் அடிப்பக்கம் இளகி விடும். அதனால் மழை பெய்யும்போது நிற்கும் சுவர், மழை விட்டு வெயில் அடிக்கும்போது விழுந்து விடுகிறது. "மழைதான் விட்டாச்சே" என்று அதன் ஓரம் பாய் விரிப்பது ஆபத்து.

சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், மூலையில் இருந்து குறுக்காக விரிசல் ஓடினால், கதவு திடீரென்று இறுக்கமாக மூடினால், அடியில் பூச்சு உப்பி உதிர்ந்தால் அந்த அறையில் படுக்கக்கூடாது. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் உடனே சொல்ல வேண்டும். அவர் காதில் வாங்காவிட்டால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இடியும் நிலையில் உள்ள கட்டிடத்தை காலி செய்யவும், இடிக்கவும் நோட்டீஸ் கொடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. பக்கத்து வீட்டு சுவர் உங்கள் பக்கம் சாய்ந்தாலும் இதே வழிதான்.

மழை இல்லாத நாளில் கூட பழைய கட்டிடம் ஆளை விடாது. 2020-ம் ஆண்டு தீபாவளி அன்று மதுரையில் ஜவுளிக்கடை கட்டிடத்தில் பிடித்த தீயை அணைக்க போன 2 தீயணைப்பு வீரர்கள் கட்டிடம் இடிந்து உயிர் விட்டது நகரையே உலுக்கியது.

கரண்ட் விஷயம்

தெருவில் வயர் அறுந்து கிடந்தால் அதில் கரண்ட் இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்யக்கூடாது. இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஈர தரையில் வயரை தொடாமல் பக்கத்தில் நடந்தாலே ஷாக் அடிக்கும். இரண்டு காலுக்கும் நடுவில் கரண்ட் பாய்ந்து விடும் என்பதால் 30 அடிக்கு அப்பால் நின்று, மற்றவர்களையும் நிறுத்தி வைத்துவிட்டு மின்வாரியத்துக்கு போன் செய்ய வேண்டும். 24 மணி நேரமும் இயங்கும் மின்னகம் நம்பர் 94987 94987. இது 2021-ல் தொடங்கப்பட்டது.

ஈ.பி. போஸ்டில் மாடு கட்டுவது, ஸ்டே கம்பியில் துணி காயப்போடுவது, ஈரக்கையோடு மோட்டார் சுவிட்ச் போடுவது எல்லாம் நம்ம ஊரில் சர்வ சாதாரணம். மழை சீசனில் மட்டுமாவது நிறுத்த வேண்டும். வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.டி. எனப்படும் உயிர்காக்கும் சாதனம் இருந்தால் கசிவு வந்த நொடியில் கரண்டை வெட்டி விடும். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தி பார்க்க வேண்டும். கரண்ட் போனால் சாதனம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். போகாவிட்டால் எலக்ட்ரீசியனை கூப்பிட வேண்டியதுதான்.

ரெயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் பைக்கையோ, காரையோ இறக்கி பார்ப்பது வேண்டாத வேலை. 2021-ம் ஆண்டு செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி பெண் டாக்டர் ஒருவர் இறந்து போனார். எவ்வளவு ஆழம் என்று மேலே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. 10 நிமிடம் சுற்றிப்போனால் போகட்டும்.

கொசுவுக்கு 10 நாள் போதும்

மழை விட்ட ஒரு வாரம், 10 நாளில் டெங்கு கொசு தயாராகி விடும். முட்டையில் இருந்து பறக்கும் கொசுவாக மாற அவ்வளவு நாள்தான் தேவை. சாக்கடை தண்ணீரை விட நல்ல தண்ணீரைத்தான் இந்த கொசு தேடும். டயர், தேங்காய் சிரட்டை, பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, மூடாத டிரம் போதும். முட்டைகள் காய்ந்த தொட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரை கொட்டினால் மட்டும் போதாது. தொட்டியின் உள்பக்கத்தை பிரஷ் போட்டு தேய்த்து கழுவ வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேர வேலை.

தமிழ்நாட்டில் டெங்குவுக்கு 2012-ம் ஆண்டு 66 பேரும், 2017-ம் ஆண்டு 65 பேரும் பலியானதாக அரசு கணக்கு சொல்கிறது. கொசு ஒழிப்பு பணியாளர்கள் டார்ச் லைட்டோடு வந்து தொட்டியை பார்க்க கேட்டால் "நாங்க சுத்தமாத்தான் வச்சிருக்கோம்" என்று கதவை சாத்துபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் அவர்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து உள்ளே விடலாம்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும்தான். ஆஸ்பிரின், மற்ற வலி மாத்திரைகளை கடையில் தானாக வாங்கி போடக்கூடாது. ரத்தக்கசிவு அதிகமாகி விடும். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு தன் வேலையை காட்டும். அந்த ஒன்றிரண்டு நாளில் விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறில் ரத்தம், கறுப்பாக மலம், எழுந்திருக்க முடியாத அசதி இருந்தால் ஒரு மணி நேரம் கூட தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு போய் விட வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.

யாரிடம் சொல்வது?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். திருப்பரங்குன்றம் முன்பு தனி நகராட்சி. 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டில் இருந்து 100 வார்டாக பெரிதானபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் நகராட்சிகளும், திருநகர், ஆர்வி பட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் அதோடு சேர்ந்தன. 2016-ல் இருந்து 2022 வரை தேர்தலே நடக்காததால் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலேயே 6 மழை சீசன் ஓடியது. 2022 பிப்ரவரி 19-ந்தேதி நடந்த தேர்தலில்தான் மறுபடியும் வார்டுக்கு ஒரு மாமன்ற உறுப்பினர் கிடைத்தார்.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை: சாக்கடை தூர் வாருவது, தெரு விளக்கு, குப்பை, கொசு மருந்து, குடிநீரில் சாக்கடை கலப்பது, இடியும் கட்டிடம். மின்கம்பமும் வயரும் மின்வாரியம். கண்மாயும் கால்வாயும் நீர்வளத்துறை. சுரங்கப்பாதையில் தண்ணீர் என்றால் ரெயில்வே. மெயின் ரோடு பள்ளம் பல இடங்களில் நெடுஞ்சாலைத்துறை. "அது எங்க வேலை இல்ல" என்று ஒரு ஆபீசில் இருந்து இன்னொரு ஆபீசுக்கு அலைய விடுவதற்கு இந்த பிரிவினைதான் காரணம். எந்த துறை என்று தெரிந்து போனால் பாதி அலைச்சல் மிச்சம். துறை வேறாக இருந்தாலும் கவுன்சிலரிடம் ஒரு நகல் கொடுத்து வைப்பது நல்லது. மாமன்ற கூட்டத்தில் அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்பவர் அவர்தான்.

பலருக்கு தெரியாத இன்னொரு வாசல் ஏரியா சபை. 2022 நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டு நகரங்களில் இது முதல் முறையாக கூடியது. கிராம சபை மாதிரிதான். வார்டை சிறு சிறு பகுதியாக பிரித்து, அந்த பகுதி மக்கள் கவுன்சிலர் முன்னிலையில் குறை சொல்லலாம். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்கள் இதற்காக அறிவிக்கப்பட்டன. மழைக்கு முன்னால் வருவது செப்டம்பர் கூட்டம்தான். சாக்கடை, ஓடை அடைப்பை அப்போதே போட்டோவோடு கொடுத்து, மனுவின் நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகு மறியல் செய்வதை விட இது சுலபம்.

மாநகராட்சிக்கு வெளியே உள்ள கிராமங்களில் ஊராட்சி தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந்தேதி முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அங்கே தலைவர் இல்லாத காலத்தில் மனு கொடுக்க வேண்டிய இடம் திருப்பரங்குன்றம் யூனியன் ஆபீஸ்.

நிவாரணம்

மழையால் உயிரிழப்பு, வீடு இடிதல், ஆடு மாடு சாவு என்றால் அன்றைக்கே வி.ஏ.ஓ.விடம் சொல்லி விட வேண்டும். 2022-ல் மத்திய அரசு நிர்ணயித்தபடி உயிரிழப்புக்கு ரூ.4 லட்சம், கறவை மாட்டுக்கு ரூ.37 ஆயிரத்து 500, ஆட்டுக்கு ரூ.4 ஆயிரம். போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் அடக்கம் செய்து விட்டு பிறகு நிவாரணத்துக்கு அலைந்தால் கிடைப்பது கஷ்டம். துக்க வீட்டில் இதை பேச யாருக்கும் வாய் வராது. பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்து சொல்ல வேண்டும். இடிந்த இடத்தை சுத்தம் செய்யும் முன் செல்போனில் 4 படம் எடுத்து வைக்க வேண்டும்.

விளாச்சேரியில் மண் பொம்மையும் அகல் விளக்கும் செய்கிறவர்கள் பாடு தனி. கார்த்திகைக்கும், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் ஆர்டர் குவியும் நேரத்தில்தான் வெயில் காணாமல் போகும். பொம்மை காயாது, சூளை மூட்ட முடியாது. ஈரக்குளிரில் வீட்டுக்குள் கரி மூட்டி காய வைப்பவர்கள் ஜன்னலை திறந்து வைத்தே ஆக வேண்டும். கரிப்புகைக்கு வாசனை இல்லாத விஷம் உண்டு. 2024-ல் கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டு தூங்கிய 2 வாலிபர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை.

மார்கழி பிறந்ததும் அதிகாலை பனி. வாசலில் கோலம் போடும் பெண்களும், தைப்பூசத்துக்கு பழனிக்கு பாதயாத்திரை போகிறவர்களும் இருட்டில் ரோட்டில் இருப்பார்கள். பாதயாத்திரைக்காரர்கள் முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, வண்டி எதிரே வரும் பக்கமாக வரிசையில் நடக்க வேண்டும். டிரைவர்கள் பனியில் ஹைபீம் போடக்கூடாது. வெளிச்சம் பனியில் பட்டு திரும்பி கண்ணைத்தான் கூச வைக்கும். ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் வெயில் ஏறிய பிறகு வாக்கிங் போனால் போதும்.

மழை, வெள்ளம் தொடர்பான அவசரத்துக்கு மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077. தீயணைப்பு நிலையம் 101. எல்லா அவசரத்துக்கும் பொதுவான நம்பர் 112. செல்போன் சார்ஜ் இல்லாமல் போகும் இரவுகளுக்காக இந்த நம்பர்களை கதவு பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைக்கலாம்.