பிறப்பு முதலில், பதிவு பிறகு: குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குறித்து

துபாயில் வேலைபார்க்கும் இந்தியத் தம்பதியருக்குக் குழந்தை பிறந்தால், முதல் பாடு போட்டோ எடுப்பதுதான். வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தி, அது கண் திறக்கும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். தாங்கிப் பிடித்த கை படத்தில் விழுந்துவிட்டால் மறுபடி எடுக்க வேண்டும். கையெழுத்துக் கட்டத்தில் பெருவிரல் ரேகை பதிக்க, இறுக மூடிய கையை மெல்லப் பிரிக்க வேண்டும். அமீரகத்தில் 120 நாளுக்குள் குழந்தைக்குக் குடியிருப்பு விசா வாங்கியாக வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் விசா கிடையாது. எனவே பெற்றோரின் கவலையெல்லாம் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான். அதோடு சேர்த்துக் கொடுக்கும் பிறப்புப் பதிவு விண்ணப்பம் அவர்களுக்கு இன்னொரு தாள். சட்டத்தின் கணக்கிலோ, குழந்தையை இந்தியக் குடியாக்குவதே அந்தத் தாள்தான்.

அந்த அதிகாரம் ஒரு தாளுக்கு இருக்கலாகாது என்பது என் வாதம். பதிவு சான்றாக இருக்கலாம். நிபந்தனையாக இருக்கக் கூடாது.

1955-இல் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது நிலைமை இப்படி இல்லை. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் தந்தை இந்தியக் குடிமகன் என்றால், பிறந்த கணத்திலேயே அதுவும் இந்தியக் குடி. தந்தையே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் மட்டும் குடிமகனானவர் என்றால்தான், ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டியிருந்தது. இரண்டு தலைமுறை வெளியே பிறந்தால் நாட்டோடு உள்ள பிணைப்பு இன்னும் இருக்கிறதா என்று அரசு கேட்பதில் நியாயம் உண்டு. 1992 டிசம்பர் 10 முதல் தாய்வழியும் செல்லும் என்று ஆனது; வெகுகாலம் தாழ்ந்து வந்த நீதி அது. 2003-இன் திருத்தம் 2004 டிசம்பர் 3-இல் நடைமுறைக்கு வந்தபோது, இரண்டாம் தலைமுறைக்கான அந்தத் தளை எல்லாக் குழந்தைகள் மீதும் விழுந்தது. ஓராண்டு தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். போதாததற்கு, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தர வேண்டும்.

இரட்டைக் குடியுரிமையைத் தடுக்கத்தான் இதெல்லாம் என்பார்கள். வளைகுடாவில் தடுக்க என்ன இருக்கிறது? அங்கே மண்ணில் பிறந்ததற்காக யாரும் வெளிநாட்டார் குழந்தைக்குக் குடியுரிமை தருவதில்லை. பிரிட்டன் 1983-இலும், ஆஸ்திரேலியா 1986-இலும், அயர்லாந்து 2005-இலும் அந்தக் கதவைப் பெருமளவு சாத்திவிட்டன. அங்கெல்லாம் தற்காலிக விசாக்காரரின் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமையை விட்டால் பெரும்பாலும் வேறு நாதியில்லை. முறையான வேலையும் விசாவும் உள்ளவர்கள் எப்படியும் பதிந்துவிடுவார்கள். தவறவிடுவது விசா காலாவதியாகி ஒளிந்து வாழும் கூலித் தொழிலாளியும், திருமணச் சான்று காட்ட முடியாத தாயும்தான். இரட்டைக் குடியுரிமையைத் தடுக்க வந்த விதி இவர்கள் வீட்டில் எந்த நாட்டுக்கும் உரியதல்லாத குழந்தையை விட்டுச் செல்கிறது.

அமெரிக்கா வேறு கதை. 1868-இன் 14-ஆவது திருத்தமும், வோங் கிம் ஆர்க் வழக்கில் 1898-இல் வந்த தீர்ப்பும் மண்வழிக் குடியுரிமையை அங்கே நிலைநிறுத்தின. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 20-இல் ஆணையிட்டார். சில நாட்களிலேயே நீதிமன்றம் தடை விதித்தது. அப்படியொரு விதி வந்தால், ஹெச்-1பி விசாவில் இருக்கும் தமிழரின் நியூஜெர்சிக் குழந்தை, துபாய்க் குழந்தை நிற்கும் வரிசைக்கே வந்து சேரும்.

இந்தியச் சட்டத்தின் சொற்களையே உற்றுப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். உறுதிமொழி கேட்பது வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்றுதான். வேறு குடியுரிமை இல்லை என்றல்ல. அதே 4-ஆம் பிரிவின் 1அ உட்பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமையும் உள்ள சிறுவர் வயதுக்கு வந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால்தான் இந்தியக் குடியுரிமை போகும் என்கிறது. அதாவது 18 வயது வரை இரண்டும் இருக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பாஸ்போர்ட் மட்டும் ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியாகப் பிறந்த குழந்தை அந்நாட்டை விட்டு வெளியேறவும் திரும்பி நுழையவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டே வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பாட்டிக்குக் காட்டப் பேரப்பிள்ளையை மதுரைக்குக் கொண்டுவரும் விமான டிக்கெட்டே குடியுரிமைத் தேர்வாகிவிடுகிறது. தானாக விரும்பி அயல் குடியுரிமை பெற்றவரைத்தான் அரசமைப்பின் 9-ஆம் உறுப்பு விலக்குகிறது. பிரசவ அறையில் பிறந்த குழந்தை எதை விரும்பிப் பெற்றது?

அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறதே என்பது வழக்கமான சமாதானம். அந்த அட்டைக்கு வாக்குரிமை இல்லை. விளைநிலம் வாங்கும் உரிமையும் இல்லை. 2021 மார்ச் 4-ஆம் தேதி அறிவிக்கை, ஓசிஐ மாணவர்களை மருத்துவப் படிப்பில் என்ஆர்ஐ இடங்களுக்குள் ஒதுக்கியது. முன்பே பிறந்தவர்களை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது; அந்தத் தேதிக்குப் பின் வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு விதி அப்படியே பொருந்தும். அவர்களில் மூத்தவர்கள் 2038-இல் 17 வயதைத் தொடுவார்கள்.

அரசுக்குப் பதிவேடு தேவை என்பதை நான் மறுக்கவில்லை. தாமதத்துக்கு அபராதம் விதிக்கலாம், கூடுதல் ஆவணம் கேட்கலாம். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை 1992-இல் ஏற்ற நாடு, பெற்றோரின் தாமதத்துக்காகக் குழந்தையின் குடியுரிமையைப் பிடித்து வைக்கலாகாது. பதிவை நிபந்தனையாக்கும் 4-ஆம் பிரிவின் வரம்புரையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். பாஸ்போர்ட் உறுதிமொழியையும் 18 வயதுக்குத் தள்ளிவைக்க வேண்டும்.