ஆயிரம் வாட்ஸ் எங்கே போச்சு?

90களில், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த என் மாமா தீபாவளி போனஸ்ல ஸ்பீக்கர் செட் ஒண்ணு வாங்கினார். அட்டைப்பெட்டியில் '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், அது இழுக்கும் கரண்ட் 30 வாட்ஸ். 30 உள்ளே போனால் ஆயிரம் எப்படி வெளியே வரும்? பி.எம்.பி.ஓ.வுக்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது. கம்பெனி சொல்வதுதான் கணக்கு.

இந்தப் புளுகு பழசு. 1960களில் அமெரிக்காவிலும் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று எண்ணை ஊதிக் காட்டினார்கள். 1974ல் அங்குள்ள மத்திய வர்த்தக ஆணையம் விதி போட்டது: தொடர்ந்து எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எவ்வளவு ஒலிச்சிதைவோடு என்று சேர்த்துச் சொல்லணும். 2024ல் அதைத் திருத்தி, 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், சிதைவு 1 சதவீதத்துக்குக் கீழே என்று எல்லாருக்கும் ஒரே சோதனையாக்கினார்கள்.

ஆம்பூரில் தோலை மெஷினில் விட்டு சதுர அடி அளந்துதான் விலை பேசுவாங்க. அந்த ஊர்க்கார மாமா வாட்ஸை மட்டும் அட்டையைப் பார்த்து நம்பிட்டார். நீங்க வாங்கும்போது அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 12 வோல்ட், 2 ஆம்பியர்னா 24 வாட்ஸ். தொடர்ந்து அதுக்கு மேல வராது.