கயாக்கும் அதன் வண்டியும்

போன கோடை முழுக்க என் மீன்பிடி கயாக் டிரெய்லர் மேலேயே கிடந்தது. ஜூன் மாதம் கால்வெஸ்டன் பக்கம் போய்விட்டு வந்தவன், ஸ்ட்ராப்பைக்கூட அவிழ்க்காமல் வீட்டுக்குப் பக்கவாட்டில் நிறுத்தினேன். அடுத்த வாரம் போகத்தானே போகிறோம் என்ற நினைப்பு. அப்புறம் ஆபீஸ் வேலை, ஊருக்குப் போனது என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. செப்டம்பரில் அவிழ்த்துப் புரட்டிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் குறுக்கே இரண்டு பள்ளம். டிரெய்லரின் இரண்டு கம்பிகள் எங்கே இருந்தனவோ, சரியாக அங்கே. போதாக்குறைக்கு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் கரகரவென்று சத்தம். பேரிங் போயிருந்தது.

"நீங்க வாங்கினது படகா, வண்டியா?" என்று வீட்டில் கேட்டார்கள். கிண்டலாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தப் படகைக் கண்டுபிடித்தவர்கள் தண்ணீருக்கு வெளியே இதை என்ன செய்தார்கள்? எங்கே வைத்தார்கள்? எப்படித் தூக்கிப் போனார்கள்? கயாக் வரலாறு என்று தேடினால் துடுப்பும் கடலும் சாகசமும்தான் வருகின்றன. கரையில் நடந்தது ஒரு ஓரமாகத்தான் கிடைக்கிறது. அந்த ஓரத்தைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் வடக்கே போவோம். கயாக் என்பது ஆர்க்டிக் பகுதி மக்களின் வேட்டைப் படகு. கிரீன்லாந்தில் தொடங்கி வட கனடா, அலாஸ்கா வரை இன்யூட், யூபிக், அலூட் மக்கள் ஆளுக்கொரு வடிவத்தில் செய்தார்கள். அங்கே மரம் அரிது. ஆற்றில் அடித்துக்கொண்டு வந்து கரை ஒதுங்கும் கட்டைகளைச் சீவிச் சட்டம் செய்து, தோல் வாரால் கட்டி, மேலே கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைப்பார்கள். சட்டம் செய்வது பெரும்பாலும் ஆண்கள் வேலை. தோலைப் பதப்படுத்தி, தண்ணீர் புகாத தையல் போடுவது பெண்கள் வேலை. அளவும் ஆளைப் பொறுத்தது. யார் ஓட்டப்போகிறாரோ அவருடைய கை நீளம், இடுப்பு அகலம் இவைதான் அளவுகோல். சட்டை தைப்பது மாதிரி.

இப்படிச் செய்த படகை ஒரே ஆள் தூக்கிவிடலாம். உட்காரும் துளைக்குள் கையை விட்டுத் தோளில் மாட்டிக்கொண்டோ, கவிழ்த்துத் தலைமேல் வைத்துக்கொண்டோ நடந்துவிடுவார்கள். எடை குறைவாக இருந்ததற்கு வேகம் மட்டும் காரணமில்லை. பனிக்கட்டி ஓரத்தில் சட்டென்று படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்துப் போட முடியவில்லை என்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, எங்கே வைத்தார்கள்? தரையில் வைக்க முடியாது. ஊரெல்லாம் ஸ்லெட்ஜ் இழுக்கும் நாய்கள். கடல்நாய்த் தோல் என்பது நாய்க்குச் சாப்பாடு. அதனால் கல்லை அடுக்கியோ, கட்டைகளை நட்டோ, நாய்க்கு எட்டாத உயரத்தில் ஒரு தாங்கி கட்டி அதன்மேல் வைத்தார்கள். இதில் இன்னொரு லாபமும் இருந்தது. தோல் தண்ணீரிலேயே கிடந்தால் ஊறித் தொய்ந்துபோகும். காற்றோட்டமாக உலர வேண்டும், அவ்வப்போது கொழுப்புத் தடவ வேண்டும், தேய்ந்தால் தோலையே மாற்ற வேண்டும். அதாவது வேட்டை முடிந்தாலும் படகு வேலை முடிவதில்லை. நான் ஸ்ட்ராப்பை அவிழ்க்காமல் விட்டது மாதிரி அங்கே ஒருவர் விட்டிருந்தால், அடுத்த வேட்டைக்குப் படகே இருக்காது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு போகும்போது அலாஸ்காவில் ஒரு விஷயம் அகப்பட்டது. எட்வர்ட் வில்லியம் நெல்சன் என்ற அமெரிக்க இயற்கையியலாளர் 1877 முதல் 1881 வரை பேரிங் கடற்கரையில் செயின்ட் மைக்கேல் என்ற ஊரில் இருந்தார். அங்குள்ள மக்களின் பொருட்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய அறிக்கை 1899-ல் வெளிவந்தது. அந்தக் கரையில் வசந்த காலத்தில் கடல் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர். வேட்டைக்காரர் பனிமேல் போகும்போது ஒரு சின்ன, தாழ்வான ஸ்லெட்ஜில் கயாக்கை வைத்து இழுத்துக்கொண்டு போவார். தண்ணீர் வந்ததும் கயாக்கை இறக்கி, அந்த ஸ்லெட்ஜைக் கயாக்கின் பின்பக்கத்தில் மேலே கட்டிக்கொண்டு துடுப்புப் போடுவார். மறுபடி பனி வந்தால் மறுபடி மாற்றம். வண்டி படகைச் சுமக்கும், படகு வண்டியைச் சுமக்கும். என்னைப் பொறுத்தவரை உலகத்தின் முதல் கயாக் டிரெய்லர் இதுதான். இறங்குதுறையில் டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்ற கவலையே கிடையாது!

அடுத்த கட்டம் ஐரோப்பா. ஜான் மெக்ரிகர் என்ற ஸ்காட்லாந்துக்கார வக்கீல், லண்டனில் கயாக் சாயலில் ஓக் மரத்தில் ஒரு படகு செய்யச் சொல்லி, அதற்கு 'ராப் ராய்' என்று பெயர் வைத்தார். 1865-ல் அதில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆறுகளையெல்லாம் சுற்றிவிட்டு வந்து அடுத்த வருஷம் புத்தகம் எழுத, படகு ஓட்டுவது ஒரு பொழுதுபோக்காகவே பரவியது. அந்தப் படகின் நீளம் 15 அடி. ஏன் 15 அடி? ஆற்றையோ அலையையோ பார்த்து வைத்த அளவு இல்லை அது. ஜெர்மன் ரயில் பெட்டிக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். இதை அவரே புத்தகத்தில் சொல்கிறார். ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவே ரயில், ரயில் இல்லாத இடத்தில் மாட்டு வண்டி. பின்னால் 1868-69-ல் எகிப்து, பாலஸ்தீனம் போனபோது வேறொரு ராப் ராயைக் குதிரை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனார். கயாக்கின் அளவை ஓட்டுகிறவரின் உடம்பு தீர்மானித்த காலம் போய், ஏற்றிச் செல்லும் வண்டி தீர்மானிக்கும் காலம் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

ராப் ராயின் எடை 80 பவுண்டு, சுமார் 36 கிலோ. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து ஒரு ஜெர்மன் மாணவர் வருகிறார். ஆல்ஃப்ரெட் ஹாய்ரிஷ், மியூனிக்கில் கட்டடக்கலை படித்தவர். 1905-ல் மூங்கில் சட்டமும் கித்தான் துணியும் வைத்து, கழற்றி மடித்துப் பையில் போடக்கூடிய ஒரு கயாக் செய்து இசார் ஆற்றில் விட்டார். பெயர் 'டெல்ஃபின்'. ரோசன்ஹைம் ஊர் தையல்காரர் யோஹான்னஸ் கிளெப்பர் 1907-ல் அந்த உரிமையை வாங்கி விற்க ஆரம்பித்தார். தையல்காரர் கைக்குப் போனது பொருத்தம்தான். சட்டமும் தையலுமாக இருந்த பழைய ஆர்க்டிக் முறைதானே இது! தோலுக்குப் பதில் ரப்பர் பூசிய துணி. வீட்டில் அலமாரி மேல் வைக்கலாம், ரயிலில் கையோடு கொண்டுபோகலாம். படகு நிறுத்த இடமே இல்லாத மாடி வீட்டுக்காரர்களும் படகுக்காரர்கள் ஆனார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் இது ஒரு பெரிய மோகமாகவே இருந்தது.

இந்த மடிப்புப் படகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்கர் ஸ்பெக்தான் சாட்சி. வேலையில்லாமல் இருந்த எலெக்ட்ரீஷியன். 1932-ல் உல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் இறங்கியவர், மத்திய தரைக்கடல், யூப்ரடீஸ், பாரசீக வளைகுடா, இந்தியக் கடற்கரை, இலங்கை, பர்மா, இந்தோனேசியத் தீவுகள் வழியாக 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சாய்பாய் தீவை அடைந்தார். அதற்குள் போர் தொடங்கிவிட்டிருந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். ஏழு வருஷப் பயணத்தில் அவர் ஒரே படகில் போகவில்லை. உப்பும் வெயிலும் தின்னத் தின்ன மாற்ற வேண்டியிருந்தது. படகு இலேசு என்றால் பராமரிப்பு அதிகம். கிரீன்லாந்துக்காரரும் ஸ்பெக்கும் கொடுத்த விலை ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆளுக்கொரு கார் வந்தது. கார் கூரையில் படகைக் கட்டலாம் என்றானதும் மடிக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. முதலில் ஃபைபர் கிளாஸ், 1970-களில் பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் பொடியை அச்சுக்குள் போட்டு, அடுப்பில் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினால் முழுப் படகும் ஒரே துண்டாக வரும். நம்மூர்த் தண்ணீர் டேங்க் செய்யும் அதே முறை. பாறையில் மோதினாலும் உடையாது, விலை குறைவு. அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் உள்ளே நுழையாமல் மேலேயே உட்காரும் வகை வந்தது. மீன்பிடிக்காரர்களுக்கு அது தோதாக இருந்தது. பிறகு நின்றபடி தூண்டில் போட வேண்டும் என்று அகலம் கூடியது. நாற்காலி, மீன் காட்டும் சோனார், பேட்டரி ஏறின. 1997-ல் காலால் மிதிக்கும் பெடல் வந்தது. இன்றைக்கு எல்லாம் மாட்டிய ஒரு பெடல் கயாக் 50 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பெடல் இல்லாத சாதாரண மாடலே 36 கிலோ பக்கம் வரும். ராப் ராய் ஞாபகம் இருக்கிறதா? 160 வருஷம் கழித்து, ஓக் மரத்தின் எடைக்கே திரும்பி வந்து நிற்கிறோம்.

நாற்பது வயதுக்கு மேல் ஒருத்தன் தனியாக 50 கிலோவைக் கார் கூரைக்கு ஏற்ற முடியாது. அதனால் டிரெய்லர். பிரச்சினை தீர்ந்ததா? இடம் மாறியது, அவ்வளவுதான். என் இரண்டு கோளாறுகளையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பள்ளம். பாலிஎத்திலீன் பார்க்கத்தான் கெட்டி. ஒரே இடத்தில் தொடர்ந்து பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால், உள்ளே நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல வழுக்கி நகரும். சூடு ஏற ஏற இந்த நகர்வு வேகமாகும். மெல்லிய கம்பி, இறுக்கிய ஸ்ட்ராப், டெக்சாஸ் வெயில், மூன்று மாதம். இதற்கு மேல் என்ன வேண்டும்? அடிப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்தோ, பக்கவாட்டில் சாய்த்தோ, அகலமான மெத்தென்ற தாங்கியில், நிழலில், ஸ்ட்ராப்பைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். பயணத்துக்கு இறுக்கம், வீட்டில் தளர்வு.

இரண்டாவது, பேரிங். சின்ன டிரெய்லர் சக்கரத்தின் விட்டம் டயரோடு சுமார் 40 செ.மீ. என் கார் டயர் 66 செ.மீ. மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் கார் சக்கரம் நிமிஷத்துக்கு 770 சுற்று சுற்றினால், டிரெய்லர் சக்கரம் 1,250-க்கு மேல் சுற்றியாக வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, சூடான சக்கரத்தை அப்படியே குளிர்ந்த உப்புத் தண்ணீரில் இறக்கினேன். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும்போது சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெடும், துரு பிடிக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், கயாக்குக்காக டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கவே தேவையில்லை. பெரிய மோட்டார் படகுக்காரர்கள் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். கரையிலேயே நிறுத்தி, படகை மட்டும் சறுக்கி இறக்கினால் போதும்.

இன்னொன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோ சுமக்க வடிவமைத்த லீஃப் ஸ்பிரிங் மேல் 50 கிலோ படகை வைத்தால் ஸ்பிரிங் அசையவே அசையாது. ரோட்டில் ஒவ்வொரு மேடு பள்ளமும் நேராகப் படகில்தான் இறங்கும். அதனால்தான் சிலர் ஒரு பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். டிரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் ஹிட்ச் மேல் விழ வேண்டும் என்பதும் முக்கியம். பின்பாரம் அதிகமானால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதில் போவது என் படகு மட்டுமில்லை, பின்னால் வருகிறவர் உயிரும்தான்.

"பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லித்தான் இந்தப் பிளாஸ்டிக் கயாக்கை எனக்கு விற்றார்கள். படகைப் பொறுத்தவரை அது முக்கால்வாசி உண்மை. ஆனால் தோலுக்குத் தடவிய கொழுப்பு இப்போது பேரிங்குக்குள் கிரீஸாகப் போயிருக்கிறது. நாய்க்குப் பயந்து கட்டிய தாங்கியை, வெயிலுக்குப் பயந்து நான் கட்ட வேண்டியிருக்கிறது. வேலை எங்கேயும் போய்விடவில்லை. நாம் பார்க்காத இடத்துக்குப் போயிருக்கிறது. அவர்களுக்கு அது வாழ்க்கை என்பதால் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது சனிக்கிழமை என்பதால் விட்டுவிட்டேன்.

பள்ளத்தைப் பொறுத்தவரை, கயாக்கைக் கவிழ்த்து இரண்டு நாள் வெயிலில் போட்டு, உள்பக்கமிருந்து மெதுவாகத் தள்ளினேன். ஒன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்னொன்று இன்னும் லேசாகத் தெரிகிறது. பேரிங் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டாயிற்று. கராஜ் சுவரில் இரண்டு மரத் தாங்கிகள் அடித்து, பழைய கார்ப்பெட் துண்டைச் சுற்றி, கயாக்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்திருக்கிறேன். டிரெய்லர் காலியாக வெளியே நிற்கிறது.

அந்தத் தாங்கியை அடிக்கும்போது இடுப்பு உயரத்தில்தான் அடித்தேன். எங்கள் வீட்டில் நாய் கிடையாது.