உவவு நாளும் விடுப்புப் பயணமும்: கிட்வாய் நகரிலிருந்து குமரிவரை

தில்லி கிட்வாய் நகரிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் கடலைக் காணப் பல நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டும். எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வடக்கே, அரவிந்தோ மார்க்கின் இருபுறமும் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்து கிடக்கும் இக்குடியிருப்பு, விடுதலை இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சரான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. மைய அரசு ஊழியர்களுக்கென எழுந்தது. பழைய தாழ்ந்த வீடுகள் இடிக்கப்பட்டுக் கிழக்குப் பகுதியில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அருகிலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இயங்குவதால் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வட்டாரம் பழக்கமானதே. கடற்கரை இன்பப் பயணத்தின் வரலாற்றை இந்த உள்நாட்டுக் குடியிருப்பிலிருந்து தொடங்குவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் குமரிமுனைக்கு வரும் வடநாட்டுக் குடும்பங்களின் பெருக்கத்தை விளக்க முற்படும் எவரும் கடலை நோக்குமுன் ஒரு கோப்பை நோக்க வேண்டியிருக்கிறது.

அக்கோப்பு 1956 அக்டோபர் 11 நாளிட்ட உள்துறை அமைச்சகக் குறிப்பாணை. மைய அரசு ஊழியருக்கு விடுப்புப் பயணச் சலுகை அதன்வழி வந்தது. ‘எல்.டி.சி.’ என்ற மூன்றெழுத்தாகவே ஊழியர் குடும்பங்களில் அது வழங்குகிறது. தொடக்கத்தில் அச்சலுகை சொந்த ஊர் செல்வதற்கு மட்டுமே உரியது. தில்லியில் பணியாற்றிய கும்பகோணத்துக்காரர் கும்பகோணத்துக்கும் ஜலந்தர்க்காரர் ஜலந்தருக்கும் போகலாம்; ஒருவர் ஊருக்கு மற்றவர் போக இடமில்லை. ஊழியர் தம் ‘சொந்த ஊர்’ எது என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதை விரும்பியபோதெல்லாம் மாற்றிக்கொள்ளவும் இயலாது. மூன்றாம் ஊதியக் குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே, நான்கு ஆண்டுத் தொகுதிக்கு ஒருமுறை ‘இந்தியாவில் எவ்விடமும்’ செல்லலாம் என்ற விரிவு ஏற்பட்டது. 1974-77 என்று எண்ணத் தொடங்கிய அத்தொகுதிக் கணக்கு இன்றும் தொடர்கிறது. ‘சொந்த ஊர்’ என்பதிலிருந்து ‘எவ்விடமும்’ என்பதற்கு நகர்ந்த அந்தச் சொல்மாற்றமே, கடலோடு உறவற்ற ஓர் எழுத்தர் குடும்பத்தைக் கடற்கரைப் பயணியாக்கிற்று எனலாம்.

குறிப்பாணை வெளிவந்து மூன்று வாரங்களில், 1956 நவம்பர் 1 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரண்டுக்கும் அப்போது எத்தொடர்பும் இல்லை. தொடர்பு பின்னர் உருவாக்கப்பட்டது. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்திலிருந்து குமரிவரை இருப்புப்பாதை 1979இல் நிறைவுற்றது. நிலக்கரி ஏற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு தொடங்கிய பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 1984 முதல் பாறைக்குப் படகு விடுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஜம்மு தாவியிலிருந்து தில்லி வழியாகக் குமரிக்கு ஹிம்சாகர் விரைவுவண்டி ஓடத் தொடங்கிற்று. இமயத்தையும் கடலையும் ஒட்டவைத்த அப்பெயர், வண்டி ஏறுபவர் எதைக் காணப் போகிறார் என்பதைப் பயணச்சீட்டிலேயே அறிவித்துவிடுகிறது. ஆக, ஒரு நிர்வாக விதி, ஒரு நினைவு மண்டபம், ஒரு தண்டவாளம், சில படகுகள் ஆகியவை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒன்றுகூடியதன் விளைவே இன்று நாமறிந்த ‘குமரிச் சுற்றுலா’. இயற்கையழகு அங்கே முன்பும் இருந்தது.

‘சுற்றுலா’ என்னும் சொல்லும் சற்று நின்று நோக்கத்தக்கது. இதன் பின்னுறுப்பாகிய ‘உலா’ தமிழில் நெடுங்காலம் ஓர் இலக்கிய வகையின் பெயர். அவ்வகையில் தலைவன் யானைமீதோ தேர்மீதோ வீதியில் வருவான். ஏழு பருவ மகளிரும் நின்ற இடத்தில் நின்று அவனைக் காண்பர். உலா வருபவன் காணப்படுபவன்; காண்பவர் ஊரார். இன்றைய சுற்றுலாவில் இவ்வுறவு தலைகீழாகிறது. உலா வருபவர் காண்பவராகிவிட்டார். ஊரும் ஊராரும் காணப்படும் பொருளாகிவிட்டனர். சொல்லாக்கத்தின்போது எவரும் இதைத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். எனினும் கடற்கரையில் யார் காண்பவர், யார் காணப்படுபவர் என்ற வினா மிகப் பழையது.

தமிழில் கடலோர ஓய்வைப் பற்றிய மிகப் பழைய விரிவான சித்திரங்களுள் ஒன்று பட்டினப்பாலையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகையில், முழுமதி நாளில் பரதவர் கடல்வேட்டைக்குச் செல்லாது தங்குவதைக் கூறுகிறார். அவர்கள் சினைச்சுறவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபடுகின்றனர், தாழை சூடுகின்றனர், பனங்கள் பருகுகின்றனர், மகளிரோடு உண்டு மணலில் விளையாடுகின்றனர், பின்னர்த் தீவினை நீங்கக் கடலிலும், உடலில் படிந்த உப்பு நீங்க ஆற்றிலும் நீராடுகின்றனர். இங்கே விடுமுறை யாருடையது என்பதில் ஐயமில்லை. அன்றாடம் கடலில் உழைப்பவருடையது அது. அலை அவர்களுக்குக் காட்சியன்று. ஒரு நாள் மட்டும் அது தொழிற்களமாக இல்லாதிருக்கிறது. அந்த இல்லாமையே அவர்களின் ஓய்வு.

இப்பகுதியில் வரும் இரு சொற்கள் கவனத்திற்குரியவை. ஒன்று ‘உவவு’: முழுமதி நாள். மற்றொன்று ‘மடிதல்’: தொழில் செய்யாது தங்குதல். உவவு நாளில் மடிதல் பழிக்கப்படும் செயலன்று. வழிபாட்டோடு இயைந்த ஒழுகலாறு. திருக்குறளின் ‘மடியின்மை’ அதிகாரத்திலோ ‘மடி’ குடியைக் கெடுக்கும் குற்றமாகிவிடுகிறது. ஒரே வேர், ஒரு நூலில் பண்டிகை, மற்றொன்றில் கேடு. உழைப்பவர் ஓய்வைக் குறிக்கத் தமிழில் இருந்த ஒரு நல்ல வினை இவ்வாறு கைநழுவிப் போனது வருந்தத்தக்கதே. இன்று அவ்விடத்தை நிரப்பும் ‘விடுமுறை’, ‘விடுப்பு’ ஆகிய சொற்கள் ‘விடு’ என்னும் வேரில் பிறந்தவை. விடுப்பதற்கு மேலே ஒருவர் வேண்டும். மடிவதற்கு எவருடைய ஒப்புதலும் வேண்டியதில்லை.

அதே பட்டினப்பாலையில், இரவில் திமிலில் இருக்கும் பரதவர் நகரத்து உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளை நோக்கி எண்ணுவதாகவும் ஒரு காட்சி உண்டு. அங்கே கடலில் இருப்பவர் காண்கிறார்; நகரம் காணப்படுகிறது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதைக்கு வரும்போது நோக்கின் திசை திரும்பியிருக்கிறது. நகரம் அதுவே, நாளும் அதே உவவு நாள், இந்திரவிழா முடிந்திருக்கிறது. ஆனால் மாதவி விரும்புவது கடல் விளையாட்டைக் ‘காண’. ஆடுதல் என்ற வினையின் இடத்தில் காணுதல் வந்து அமர்கிறது. அவள் வண்டியிலும் கோவலன் கோவேறு கழுதையிலும் கடற்கரை சேர்கின்றனர். புன்னை நிழலில் புதுமணற்பரப்பில் ஓவியத் திரை சூழ, மேலே விதானம் கட்டி இருக்கை அமைகிறது. தனிப்பட்ட மறைப்புடன் கூடிய கடற்கரை இருக்கை அன்றைய செல்வருக்கும் தேவைப்பட்டிருக்கிறது என்பது இன்றைய விடுதி உரிமையாளர்களுக்கு வியப்பளிக்காது.

அவ்விரவின் கடற்கரை வருணனையில் இளங்கோ காட்டும் விளக்குகளின் வரிசை அரிய சமூக ஆவணம். சாந்து விற்போர் விளக்கு, பூ விற்போர் விளக்கு, மோதகம் செய்வோர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, கள் விற்கும் பெண்டிர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு என அது நீள்கிறது. மணலில் விழுந்த ஒரு வெண்சிறுகடுகையும் கண்டெடுக்கும் அளவுக்கு ஒளி. சென்னை மெரினாவின் மாலைநேரச் சுண்டல், பஜ்ஜிக் கடைகளைக் கண்டவர்க்கு இதில் புதுமையில்லை. ஆனால் பரதவர் எங்கே? அவர்கள் மீன் விலைகூறும் ஒரு விளக்காகவும், தொலைவில் மீன் பிடிக்கும் திமிலின் ஒரு விளக்காகவும் சுருங்கிவிட்டனர். உவவு நாளிலும் வேட்டை நடக்கிறது! பின்வரும் கானல்வரியில் மீனவப் பெண்ணின் வலையும் உணங்கலும் புலவும் பாட்டாகின்றன. பாடுவோர் வணிகனும் கணிகையும். உழைப்போர் மொழியை ஓய்வில் இருப்போர் எடுத்து விளையாடும் கலைக்குத் தமிழில் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. அவ்விளையாட்டே காப்பியத் துயரின் தொடக்கமாகவும் ஆகிறது. இரு நூல்களுக்கும் இடைப்பட்ட கால அளவு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே இதனை ஒரு சமூக மாற்றத்தின் நேர்கோட்டுச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இரண்டு நோக்குநிலைகள் என்று கொள்வதே தகும்.

காலனியக் காலத்தில் காணும் நோக்கு கல்லிலும் மண்ணிலும் கட்டப்பட்டது. 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884இல் கடற்கரையோர உலாச்சாலையை அமைத்து, இத்தாலியச் சொல்லொன்றால் அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். சிசிலியின் பலேர்மோ நகரக் கடற்கரை அவர் நினைவில் இருந்தது. நொச்சிக்குப்பமும் அயோத்தியாகுப்பமும் நடுக்குப்பமும் அக்கரையின் ஊர்கள். ஆனால் கரையின் பெயர் வேறெங்கிருந்தோ வந்தது. நூறு ஆண்டு கழித்து இம்முரண் வெடித்தது. 1985இல் மெரினாவை அழகுபடுத்தும் முயற்சியில் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற அரசு முனைந்தது, எதிர்த்த மீனவர்மீது அவ்வாண்டு டிசம்பரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. கட்டுமரம் அழகைக் கெடுக்கிறது என்ற கருத்து எழுவதற்கு, கரை முதலில் ‘அழகு’ என்னும் ஒற்றைப் பயனுக்கு உரியதாக எண்ணப்பட்டிருக்க வேண்டும்.

கடல்வழிப் பயணத்தின் கதை வேறு. சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே 1926 முதல் ஓடிய ‘ரஜுலா’வின் தளத்தில் பாய் விரித்துச் சென்ற ஆயிரக்கணக்கானோரை இன்பப் பயணிகள் என்று எவரும் சொல்லத் துணியார். அவ்வழியில் பின்னர் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அப்பயணிச் சேவையும் முடிந்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது நிலை முற்றிலும் மாறியிருந்தது: எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை, கடலில் இருந்துவிட்டுத் திரும்பினால் போதும். அக்கப்பல் கரையணைய அன்று புதுச்சேரி அரசு இசையவில்லை.

கிட்வாய் நகர் ஊழியருக்குக் கடல்வழியும் விதிப்புத்தகத்தில் உண்டு. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் கப்பலில் யார் எங்கே படுக்கலாம் என்பதை ஊதிய நிலை முடிவு செய்கிறது. ஒன்பதாம் நிலையும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு டீலக்ஸ் அறை. ஆறு முதல் எட்டு வரை ‘ஏ’ அறை. நான்கும் ஐந்தும் ‘பி’ அறை. அதற்குக் கீழே பங்க் வகுப்பு. அலுவலகத்தின் மேசை வரிசை அலைமீதும் அப்படியே மிதக்கிறது. 2014க்குப் பின் சொந்த ஊர்ச் சலுகையை மாற்றி அந்தமானுக்கு விமானத்திலேயே செல்லலாம் என்ற தளர்வு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவதால், ஏறத்தாழ மூன்று நாள் எடுக்கும் கப்பலை நாடும் ஊழியர் குறைவு. ‘சொந்த ஊர்’ என்ற பழைய நிபந்தனை தீவுக் கடற்கரையாக மாற்றிக்கொள்ளத்தக்க ஒரு வரவாக ஆகிவிட்டது.

விடுப்பு என்பதன் மறுமுகம் குமரியிலேயே இருக்கிறது. மீன்வளத்தைக் காப்பதற்காகத் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்ல ஆண்டுதோறும் தடை விதிக்கப்படுகிறது. 2001 முதல் 45 நாளாக இருந்தது, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூனும் ஜூலையும். மீனினத்தின் இனப்பெருக்கக் காலம் பற்றிய கணக்கில் அமைந்த தடை அது. அதன் தேவையை மறுப்பதற்கில்லை. தடைக்கால உதவித்தொகை 5,000 ரூபாயாக இருந்து, 2023இல் அறிவிக்கப்பட்டபடி, குடும்பத்திற்கு 8,000 ரூபாயாக உயர்ந்தது. பட்டினப்பாலைப் பரதவர் கடலுக்குச் செல்லாதிருந்த நாளைத் தாமே வகுத்தனர். இவர்களுக்கு அது அரசிதழில் வருகிறது.

கிழக்குக் கரைத் தடையின் பெரும்பகுதி பள்ளிக் கோடை விடுமுறையோடு ஒன்றிவிடுகிறது. தில்லிப் பள்ளிகள் மே மாத நடுவில் மூடும், எல்.டி.சி. விண்ணப்பங்கள் அதற்கு முன்பே மேலதிகாரியின் மேசைக்குப் போய்விடும். ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் கடந்து குடும்பங்கள் குமரியில் இறங்கி, பூம்புகார்ப் படகுத்துறையில் வரிசையில் நிற்கும் அவ்வாரங்களில், சற்று வடகிழக்கே சின்னமுட்டம் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுக் கிடக்கும். மேல்தளங்களில் வலை பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்.