இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஏற்ற பாத்திரங்கள்

இண்டக்‌ஷன் அடுப்பில் ஏற்றும் பாத்திரத்தின் அடி, காந்தம் ஒட்டும் உலோகமாக இருக்க வேண்டும். இந்த அடுப்பில் தணலும் இல்லை, பழுக்கக் காயும் கம்பியும் இல்லை. கண்ணாடித் தட்டின் கீழுள்ள செப்புக்கம்பிச் சுருளில், நொடிக்கு 20,000 முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே சூடாகிறது. இரும்பில் இந்த மின்னோட்டம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்குக்குள் நெருக்கியடித்து ஓடுவதால் தடை கூடி, வெப்பம் பெருகும். செம்பிலும் அலுமினியத்திலும் தடை மிகக் குறைவு. அவற்றை வைத்தால் பெரும்பாலான அடுப்புகள் 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

ஆகவே இரும்பு தோசைக்கல்லும் வார்ப்பிரும்புச் சட்டியும் பொருந்தும். வெண்கலப் பானை, பித்தளை உருளி, ஈயச்சொம்பு, மண்சட்டி, கல்சட்டி எதுவும் பொருந்தாது.

குழப்பமெல்லாம் எவர்சில்வரில்தான். ஏறத்தாழ 18% குரோமியமும் 8% நிக்கலும் கலந்த 304 வகையில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத 430 வகையில் ஒட்டும். கடை அலமாரியில் இரண்டும் ஒரே மாதிரிதான் பளபளக்கும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. அதை அடியின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தி வளைக்கும்போது 304 எஃகும் சற்றுக் காந்தத்தன்மை பெறும் என்பதால், விளிம்பிலும் வளைவிலும் லேசாக ஒட்டுவதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. உள்ளே 304, நடுவே அலுமினியம், வெளியே 430 என மூன்று அடுக்காகச் செய்த 'ட்ரைப்ளை' பாத்திரங்கள் விலை கூடுதல். ஆனால் சூடு சீராகப் பரவும். மெல்லிய ஒற்றைத் தகட்டுப் பாத்திரத்தில் பால் காய்ச்சினால், சுருளின் வடிவிலேயே வளையமாக அடிப்பிடிக்கும்.

அலுமினியக் குக்கர்களில் 'இண்டக்‌ஷன் பாட்டம்' என்பது அடியில் பதித்த எஃகுத் தகடு. பாத்திரம் அகலமாக இருந்தும் தகடு சிறியதாக இருந்தால் சூடு தகட்டளவுக்கே பிறக்கும். பெட்டி மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல் குக்கரைத் திருப்பிப் பார்ப்பதே சரி.

தட்டையான அடியும் அதே அளவு முக்கியம். சுருளிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே வேகம் குறையும். பல வருடம் கேஸில் காய்ந்து நடுவில் புடைத்துப்போன தோசைக்கல், கண்ணாடி மேல் ஆடிக்கொண்டே இருக்கும். தட்டையான கல்லிலும் ஒரு சங்கடம் உண்டு. வீட்டு அடுப்புகளின் சுருள் பெரும்பாலும் கல்லைவிடச் சிறியது. தோசையின் நடு கருகும்போது ஓரம் வெளுத்தே கிடக்கும். கல்லைக் குறைந்த சூட்டில் சில நிமிடம் காயவிட்டு வார்த்தால் இது ஓரளவு சரியாகும். கனமான இரும்பைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் கீறல் விழும்.

அலுமினியப் பாத்திரத்துக்கு அடியில் வைக்கவென்று விற்கும் எஃகுத் தட்டு வீண்செலவு. முதலில் தட்டு காய்ந்து, பிறகுதான் பாத்திரம் காயும்; மின்சாரமும் நேரமும் போகும்.

மிகச் சிறிய அடி கொண்ட பாத்திரத்தைப் பல அடுப்புகள் கண்டுகொள்வதே இல்லை. சுமார் 12 செ.மீ. விட்டமாவது கேட்பவை உண்டு. குழிந்த தாளிப்புக் கரண்டி இரும்பே ஆனாலும் இதில் காயாது. தாளிக்க, தட்டையான அடியுள்ள சிறு இரும்புச் சட்டி ஒன்றைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.