பெயர் மாறிய விருந்து

வெனிஸ் நகரின் அக்காதெமியா காட்சிக்கூடத்தில் ஒரு சுவரையே நிறைத்து நிற்கிறது பாவ்லோ வெரோனேசே வரைந்த ‘லேவியின் வீட்டு விருந்து’. உயரம் 5.5 மீட்டர், அகலம் ஏறக்குறைய 13 மீட்டர். சாந்தி ஜொவான்னி எ பாவ்லோ என்ற தொமினிக்கன் துறவியர் மடத்தின் உணவுக்கூடத்தில் டிஷியன் வரைந்த இறுதி இராவுணவு ஓவியம் ஒன்று இருந்தது. 1571இல் நேர்ந்த தீ விபத்தில் அது எரிந்துபோக, அந்த இடத்துக்காக இன்னொரு இறுதி இராவுணவாக வரையப்பட்ட படம் இது. 1573 ஏப்ரல் 20 என்று படத்திலேயே தேதி இருக்கிறது. அடுத்த மூன்று மாதங்களுக்குள், ஜூலை 18 அன்று, ஓவியர் திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். படத்தைத் திருத்தும்படி ஆணை பிறந்தது, மாறியதோ பெயர்தான். தனி ஒரு கலைஞர் சமய அதிகாரத்தைச் சாமர்த்தியத்தால் வென்ற கதையாக இதைச் சொல்வது வழக்கம். எழுத்தர் குறித்துவைத்த கேள்வி பதில்கள் இன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றை நிதானமாகப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. படத்தைக் காத்தது தனிமனிதரின் வீரம் அல்ல. ஓவியத் தொழிலின் வழக்கம், படத்தைக் கேட்டு வாங்கிய மடம், வெனிஸ் அரசின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் காத்தன.

முதலில் மன்றத்தாருக்கு எது உறுத்தியது என்று பார்ப்போம். மூன்று பெரிய வளைவுகள் கொண்ட மண்டபம். நடு வளைவின் கீழ் இயேசு, அவருக்கு இரு பக்கமும் பேதுருவும் யோவானும். அவர்களைச் சுற்றிப் பட்டாடை உடுத்திய கனவான்கள், பரிமாறும் பணியாளர்கள், கறுப்பினச் சிறுவர்கள். இடப்பக்கப் படிக்கட்டில் கையில் கிளியோடு ஒரு குள்ளக் கோமாளி. வலப்பக்கப் படிகளில் ஜெர்மானிய உடையில் ஆயுதம் தாங்கிய வீரர்கள். இயேசுவுக்கு நேர் முன்னால் தரையில் ஒரு நாய். மூக்கில் இரத்தம் வழியும் பணியாள் எதற்கு, முள்கரண்டியால் பல் குத்துகிறவர் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இந்தக் கேள்விகளை வெறும் குறுகிய மனம் என்று தள்ளிவிட முடியாது. சமயப் படங்களில் ஒழுங்கற்றதும் பொருந்தாததும் இடம்பெறக் கூடாது என்று திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563 டிசம்பரில்தான் விதித்திருந்தது. ஜெர்மனியில் சீர்திருத்தக்காரர்கள் கேலிப் படங்களால் திருச்சபையைத் தாக்குவதை விசாரித்தவர்களே சுட்டிக்காட்டினார்கள். நற்கருணை நிறுவப்பட்ட இரவை வரையும் படத்தில் ஜெர்மானியப் போர்வீரர் குடித்துக்கொண்டிருப்பது அவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தோன்றியிருக்க முடியாது.

வெரோனேசேயின் பதில்களில் பலரும் நினைவில் வைத்திருப்பது ஒன்றைத்தான்: கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்றது. இதைக் கலைச் சுதந்திரத்தின் பிரகடனமாகக் கொள்ளலாமே என்பார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியுள்ள மற்ற பதில்களையும் சேர்த்து எடைபோட வேண்டும். விருந்து நடந்த வீட்டுக்காரர் செல்வந்தர், அவரிடம் காவலர்கள் இருப்பது இயல்பு என்கிறார். படம் பெரியது, இடம் மிஞ்சியது, பொருத்தமாக நிரப்பும்படி தன்னிடம் விட்டார்கள் என்கிறார். அந்த உருவங்களெல்லாம் விருந்து நடக்கும் இடத்துக்கு வெளியே இருக்கின்றன என்கிறார். இவை தத்துவம் அல்ல, தொழில்காரரின் நியாயங்கள். அவற்றுக்கு ஆதாரமும் இருக்கிறது. ‘கானாவூர்த் திருமணம்’ படத்துக்காக சான் ஜோர்ஜோ மாஜோரே மடம் 1562இல் அவரோடு செய்த ஒப்பந்தமே, வசதியாகக் கொள்ளும் அளவு உருவங்களை வரையும்படி கேட்டது. நெரிசலான விருந்துக் காட்சி அவருடைய அத்துமீறல் அல்ல. வெனிஸ் மடங்கள் விரும்பிப் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. மைக்கேலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் நிர்வாண உருவங்கள் இருப்பதை அவர் முன்னுதாரணமாகக் காட்டியபோது, அங்கே கோமாளியோ நாயோ ஆயுதமோ இல்லை என்று உடனே பதில் வந்தது. அதற்குமேல் வாதாடாமல், தான் அவ்வளவு ஆழமாக யோசிக்கவில்லை என்று இறங்கிவந்தார். போராளியின் பேச்சு இப்படி இருக்காது.

அப்படியானால் தண்டனை ஏன் இவ்வளவு லேசாக முடிந்தது? மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்த வேண்டும் என்பதோடு தீர்ப்பு நின்றது. இங்கேதான் வெனிஸின் அமைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். அந்தக் குடியரசு 1547 முதலே விசாரணை மன்றத்தில் தன் பிரபுக்கள் மூவரை உட்கார வைத்திருந்தது; அரசின் கண் படாமல் அங்கே எதுவும் நடக்காது. மடத்தின் நிலையும் பதிவிலேயே தெரிகிறது. நாயை அழித்துவிட்டு மகதலா மரியாவை வரையச் சொல்லும்படி மடத் தலைவருக்கு முன்பே உத்தரவு போயிருந்தது. அந்த உருவம் அங்கே பொருந்தாது என்று ஓவியர் கருதினார். விசாரணை நாளிலும் நாய் அதே இடத்தில் இருந்தது. மடம் வற்புறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

பெயரை மாற்றியது வெறும் கண்துடைப்பு என்பது வலுவான ஆட்சேபம். நடுவில் இயேசுவும் அவருக்கு இருபுறமும் பேதுருவும் யோவானும் அமர்ந்த அமைப்பு இறுதி இராவுணவுக்கே உரியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் பொறிக்கப்பட்ட வாசகம் குறிப்பிடும் லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். வரிதண்டும் லேவி தன் வீட்டில் பெரிய விருந்து வைக்கிறார். தகாதவர்களோடு ஏன் உண்கிறீர்கள் என்று பரிசேயர் கேட்கிறார்கள். நோயுற்றவர்க்கே மருத்துவர் தேவை என்பது இயேசுவின் பதில். குடிப்பவரும் கோமாளியும் கூலிப்படையும் இருக்கும் பந்திக்கு நற்செய்தியில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மன்றம் எழுப்பிய கேள்விக்கு வேதத்தின் மொழியிலேயே அந்த வாசகம் விடை தருகிறது. அதனால்தான் அந்த மாற்றம் மடத்துக்கும் மன்றத்துக்கும் ஓவியருக்கும் ஒருசேர ஏற்புடையதாயிற்று.

இப்படிச் சொல்வது வெரோனேசேயைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. வெரோனாவில் கல்தச்சரின் மகனாக 1528இல் பிறந்த அவர், தன் தொழில் எதை அனுமதிக்கிறது என்பதை நன்கு அறிந்திருந்தார். அதிலிருந்து ஓர் உருவத்தைக்கூட விட்டுக்கொடுக்காமல் படத்தைக் கரைசேர்த்தார். ஆனால் அதே அறிவுள்ள ஓவியர், கேட்டு வாங்கிய மடம் கைவிட்டிருந்தாலோ, அரசு மன்றத்தில் தனக்கென இடம் வைத்துக்கொள்ளாத ஊரில் மாட்டியிருந்தாலோ, கோமாளியையும் நாயையும் தன் கையாலேயே அழித்திருப்பார். கலைஞரின் துணிவைப் போற்றும் நாம், அந்தத் துணிவு பிழைத்திருக்க இடம் தரும் அமைப்புகளையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும்.